அப்பலாச்சிய மலைநாட்டின் சிறிய அருங்காட்சியகங்கள்: கேள்வி பதில்

கேள்வி (பள்ளி ஆசிரியை): அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள அப்பலாச்சிய மலைநாட்டில், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் பாயின்ட் பிளசன்ட் ஊரில் ‘மாத்மேன்’ என்னும் சிறகு மனிதனுக்கு அருங்காட்சியகம் இருக்கிறதாமே? வதந்திக்கு இவ்வளவு மரியாதை தேவையா, ஐயா?

பதில்: தேவை என்றே கருதுகிறேன். சிவந்த கண்களும் பெரிய சிறகுகளும் கொண்ட ஓர் உருவத்தைக் கண்டதாக 1966 நவம்பரில் அவ்வூரார் சிலர் சொன்னார்கள். மறு ஆண்டு டிசம்பர் 15 மாலை, வாகனங்கள் நெருக்கியடித்து நின்ற வேளையில், ஓஹையோ ஆற்றின் மீதிருந்த சில்வர் பாலம் இடிந்து 46 பேர் இறந்தனர். பாலத்தைத் தாங்கிய எஃகுச் சட்டம் ஒன்றில் இருந்த மிகச் சிறிய விரிசலே காரணம் என்று விசாரணை கண்டறிந்தது. நாடு முழுவதும் பாலங்களை முறையாகச் சோதிக்கும் விதிகள் அதன் விளைவாகவே வந்தன. ஊர்மக்களோ பாலத்தையும் அந்த உருவத்தையும் பிரித்து நினைக்கவில்லை. நேரில் கண்டவர்கள் தம் கைப்பட எழுதிக் கொடுத்த வாக்குமூலங்களை அந்த அருங்காட்சியகத்தில் படிப்பவருக்கு, அந்த உருவம் உண்மையா என்பதைவிட அந்த மக்களின் அச்சம் எவ்வளவு உண்மை என்பதே மனத்தில் தைக்கும்.

கேள்வி (கல்லூரி மாணவர்): அதே மாநிலத்து ஃபிளாட்வுட்ஸ் ஊரின் பூதமும் அப்படித்தானா?

பதில்: அதில் துயரம் இல்லை. 1952 செப்டம்பர் 12 அன்று சிறுவர்கள் சிலரும் ஒரு தாயும் குன்றின்மேல் கண்ட உருவம் அது. எரிகல்லின் ஒளியும் ஓர் ஆந்தையுமே அவ்வாறு தோன்றியிருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலர் தரும் விளக்கம். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. சட்டன் ஊரில் அதற்கென ஓர் அருங்காட்சியகம் உள்ளது.

கேள்வி (சமையல் ஆர்வலர்): உணவு மரபை எப்படிக் காட்சிப்படுத்துகிறார்கள்? உணவு கெட்டுப்போகுமே, ஐயா.

பதில்: உணவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பயனில்லை, அதை உண்டாக்கிய கருவிகளையும் செய்முறையையும் காப்பதே வழி. டென்னசியில் ஜான் ரைஸ் இர்வின் 1969-இல் தொடங்கிய அப்பலாச்சிய அருங்காட்சியகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் பழைய மர வீடுகளையும் வீட்டுப் புழங்குபொருள்களையும் திரட்டியதோடு, ஒவ்வொன்றும் யாருடையது, எதற்குப் பயன்பட்டது என்பதையும் கேட்டு எழுதி வைத்தார். இந்த மலைநாட்டில் பச்சை பீன்ஸை ஊசிநூலில் கோத்துத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டுச் சருகாக உலர்த்துவார்கள். குளிர்காலத்தில் ஊறவைத்து, உப்பிட்ட பன்றி இறைச்சியுடன் நெடுநேரம் வேகவைப்பார்கள். ஆப்பிளைச் செப்புக் கொப்பரையில் மணிக்கணக்கில் கிண்டிக் களிம்புபோல் ஆக்குவதும், சோளத்தண்டுச் சாற்றைப் பாகாகக் காய்ச்சுவதும் அத்தகையவையே. கொப்பரையை மட்டும் பார்த்துத் திரும்புபவருக்கு இந்த உழைப்பு புரியாது. ஆகவே செய்து காட்டும் நாள்களில் போவதே சிறந்தது.

சுரங்கத் தொழிலாளர் உணவும் இம்மரபில் சேர்ந்ததே. பெப்பரோனி என்னும் இறைச்சித் துண்டுகளை ரொட்டியின் உள்ளே வைத்துச் சுட்ட ‘பெப்பரோனி ரோல்’ மேற்கு வர்ஜீனியாவின் ஃபேர்மான்ட் நகரில் இத்தாலியக் குடியேறியான ஜுசெப்பே ஆர்ஜிரோவின் பேக்கரியில் 1927 வாக்கில் உருவானது என்பர். சூடாக்காமலும் குளிரூட்டாமலும் நிலத்தடியில் உண்ணலாம் என்பதே அதன் சிறப்பு.

கேள்வி (ஆய்வு மாணவி): இவை வெள்ளையரின் கதையை மட்டும் சொல்கின்றனவா?

பதில்: பல இடங்களில் அந்தக் குறை உண்டு; அதை நான் மறைக்க விரும்பவில்லை. மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி ஆகியவற்றை இம்மலைகளில் முன்பே விளைவித்தவர்கள் இம்மண்ணின் பூர்வகுடிகளான செரோக்கி மக்கள். இம்மலைநாட்டு இசையில் ஒலிக்கும் பாஞ்சோ என்னும் நரம்பு இசைக்கருவியின் வேர் ஆப்பிரிக்காவில் உள்ளது. எனவே வட கரோலினாவில் உள்ள செரோக்கி மக்கள் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குச் செல்லுங்கள்.