பதில்: வியாழனின் வெப்பநிலை -108ஆ, -145ஆ?

மகளின் சார்ட்டுக்கு ஒரு புத்தகம் -108, இன்னொன்று -145 டிகிரி என்கிறது, எதை எழுத என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் தப்பில்லைங்க. வியாழனில் கால் வைக்கத் தரையே கிடையாது. எந்த உயரத்தில் அளந்தார்கள் என்பதுதான் வித்தியாசம். நம் கடல்மட்டக் காற்றழுத்தம் உள்ள இடத்தில் -108 செல்சியஸ். மேக உச்சிக்குப் போனால் -145 வாக்கில். பூமியின் சராசரி 15. ஒப்பிடுவதற்கு -108ஐப் போடுங்கள், அழுத்தமாவது ஒன்றாக இருக்கும்.

ஆனால் 'குளிர்ந்த கோள்' என்று மட்டும் எழுதவிடாதீர்கள். 1995 டிசம்பரில் உள்ளே இறங்கிய கலிலியோ ஆய்வுக்கலம் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கடைசியாக அது இருந்த இடத்தில் வெப்பம் 150 டிகிரிக்கு மேல், அழுத்தம் நம்முடையதைப்போல் 22 மடங்கு. அதுவே வெறும் மேல்தோல்தான்! மையத்தில் 20,000 டிகிரி இருக்கலாம் என்பது கணிப்பு. சூரியனிடம் வாங்குவதைவிட அதிக வெப்பத்தை வெளியே விடும் கோள் அது.