கேளுங்க சொல்றோம்: ஒரே ஊசியில ரத்தப் புற்றுநோய் போயிடுமா?

கேள்வி: எங்க அண்ணன் பையனுக்கு 19 வயசு, ஏ.எல்.எல். ரத்தப் புற்றுநோய். கீமோ முடிஞ்சு நல்லாத்தான் இருந்தான், இப்ப திரும்ப வந்துடுச்சு. 'ஐ.ஐ.டி. கண்டுபிடிச்ச ஒரே ஊசி, கேன்சர் காலி'ன்னு வாட்ஸ்அப்ல வருது. நம்பலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: விஷயம் உண்மைதாம்மா, வாட்ஸ்அப் சொல்ற விதம்தான் ஓவர். ஐ.ஐ.டி. பாம்பேயும் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியும் சேர்ந்து உருவாக்கின கார்-டி செல் சிகிச்சை அது, பேரு நெக்ஸ்கார்19. 2023 அக்டோபர்ல அனுமதி கிடைச்சுது, 2024 ஏப்ரல்ல ஜனாதிபதி திரௌபதி முர்மு மும்பைக்கு வந்து தொடங்கி வச்சாங்க.

ஆனா மெடிக்கல் ஷாப்ல வாங்கிப் போட்டுக்கற ஊசி இல்ல. பையனோட ரத்தத்தை சில மணி நேரம் ஒரு மெஷின் வழியா ஓட விட்டு வெள்ளை அணுக்களை மட்டும் பிரிச்சு எடுத்துட்டு மிச்சத்தை அவன் உடம்புக்கே திருப்பி விட்டுடுவாங்க, எடுத்ததுல டி செல்னு ஒரு ரகம் இருக்கும், அதை லேபுக்குக் கொண்டுபோய், நோய் உண்டாக்காதபடி மாத்தின ஒரு வைரஸ் மூலமா புது ஜீனை உள்ள அனுப்புவாங்க. அந்த ஜீன் போனதும் டி செல் மேல கொக்கி மாதிரி ஒண்ணு முளைக்கும். பி செல்ங்கறது இன்னொரு ரக வெள்ளை அணு, பி வகை ஏ.எல்.எல். அதுலதான் வரும். அந்த பி செல் மேல சி.டி.19னு ஒரு புரதம் இருக்கு, கொக்கி முளைச்ச டி செல் அதைத் தேடிப் பிடிச்சு அந்த பி செல்லையே கொன்னுடும். இப்படி மாத்தின செல்லை கோடிக்கணக்குல பெருக்கித் திருப்பி அனுப்ப சில வாரம் ஆகும், அதுவரைக்கும் நோய் சும்மா இருக்காதுங்கறதால நடுவுல கீமோ ஓடிட்டே இருக்கலாம். செல் வந்ததும் ஃப்ளூடராபின், சைக்ளோஃபாஸ்பமைட்னு ரெண்டு மருந்து சில நாள் குடுத்து உடம்புல இடம் பண்ணிட்டு அப்புறம்தான் ஏத்துவாங்க. ஏத்தறது மட்டும்தான் சீக்கிரம் முடியற வேலை.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, பையனோட ரிப்போர்ட்டை எடுத்து அது பி வகை ஏ.எல்.எல்.லா, டி வகையான்னு பாருங்க. டி வகைன்னா இந்த மருந்து செல்லாது. பி வகைன்னா சி.டி.19 இப்பவும் இருக்கான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. 15 வயசுல இருந்து அனுமதி இருக்கறதால வயசு பிரச்னை இல்ல. ட்ரயல்ல பலன் கணக்கு பண்ண முடிஞ்ச 51 பேர்ல 73 சதவீதம் பேருக்கு பலன் இருந்துச்சுன்னு 2025-ல லான்செட் ஹெமட்டாலஜிங்கற மருத்துவ இதழ்ல வந்திருக்கு. நல்ல கணக்குதான், அதுவும் மத்த மருந்து கேக்காதவங்க, நோய் திரும்ப வந்தவங்ககிட்ட. ஆனா பலன் கிடைச்சவங்கள்லயும் சிலருக்கு நோய் திரும்பியிருக்கு, அதனால இதை நம்பி நடக்கற சிகிச்சையை மட்டும் நிறுத்திடாதீங்க.

கேள்வி: இந்த செல்லை ஏத்தினா காய்ச்சல் வந்து ஐ.சி.யூ.வுக்கே போயிடுவாங்களாமே?
- வாசகர், கோவை

பதில்: காய்ச்சல் நிறைய பேருக்கு வரும், டி செல் வேலையை ஆரம்பிச்சுடுச்சுன்னுதான் பெரும்பாலும் அதுக்கு அர்த்தம், ஆனா அளவு மீறிப்போனா பிரஷர் இறங்கும், மூச்சு திணறும். 2012-ல அமெரிக்காவுல பிலடெல்ஃபியாவுல எமிலி வைட்ஹெட்ங்கற 6 வயசுக் குழந்தைக்குத்தான் குழந்தைகள்லயே முதல்ல இதைக் குடுத்தாங்க, அவ வென்டிலேட்டர் வரைக்கும் போயிட்டா. ரத்தத்துல ஐ.எல்.-6ங்கற பொருள் எகிறிக் கிடந்தது தெரிஞ்சுது. அந்த சிகிச்சையை உருவாக்கின கார்ல் ஜூனோட பொண்ணுக்கு மூட்டுவாதம், அதனால ஐ.எல்.-6ஐ அடக்கற டோசிலிசுமாப்ங்கற மூட்டுவாத மருந்து அவருக்குத் தெரிஞ்சிருந்தது. அதைக் குடுத்ததும் குழந்தை தேறிட்டா, கண்ணு முழிச்சது அவளோட ஏழாவது பிறந்தநாள்ல! இப்ப அந்த மருந்தை கையில வச்சுக்கிட்டுத்தான் செல்லையே ஏத்தறாங்க.

இன்னொண்ணு, மூளை குழம்பறது. வார்டுல தினமும் ஒரு பேப்பரைக் குடுத்து ஒரு வரி எழுதச் சொல்வாங்க, 100-ல இருந்து பத்து பத்தா குறைச்சு எண்ணச் சொல்வாங்க, பேனாவைக் காட்டி இது என்னன்னு கேப்பாங்க. நேத்து நேரா இருந்த கையெழுத்து இன்னைக்கு கிறுக்கலா போனா டாக்டர் உஷாராயிடுவார். கூட இருக்கறவங்க 'எங்கப்பாவுக்கு ஸ்கூல் பரீட்சையா வைக்கறீங்க'ன்னு கோவப்படாதீங்க.

நல்ல பி செல்லும் சேர்ந்து அழியறதால தொற்று வர வாய்ப்பு அதிகம், சிலருக்கு இம்யூனோகுளோபுலின், அதாவது தொற்றை எதிர்க்கற புரதத்தைப் போட வேண்டி வரும். அபூர்வமா வேற புற்றுநோய் வரலாம்னு அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்கற எஃப்.டி.ஏ. அமைப்பு 2024-ல எச்சரிக்கை சேர்க்கச் சொல்லியிருக்கு.

கேள்வி: நம்ம நாட்டு மருந்துன்னு சொல்றீங்க, அப்புறம் ஏன் லட்சக்கணக்குல கேக்கறாங்க?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: ஒரு ஆளுக்கு செஞ்சது இன்னொரு ஆளுக்கு ஆகாது, அதுதான் காரணம். மொத்தமா தயாரிச்சு ஸ்டாக் வைக்கவே முடியாது, ஒவ்வொரு நோயாளிக்கும் தனியா தயாரிச்சு, தனியா டெஸ்ட் பண்ணணும். 2017-ல அமெரிக்காவுல அனுமதி வாங்கின முதல் கார்-டி மருந்து கிம்ரியாவோட விலை 4,75,000 டாலர், நம்மளுது வந்தப்போ 30-40 லட்சம் ரூபாய்னு செய்தி வந்துச்சு. பத்துல ஒரு பங்குன்னு எல்லாரும் கொண்டாடினாங்க, சரிதான், ஆனா முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துல ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம்தானே உச்சவரம்பு? மிச்சத்துக்கு வீட்டை விக்கணுமாங்கறதுக்கு அரசாங்கம்தான் பதில் சொல்லணும். ஆஸ்பத்திரிக்குள்ளயே செல்லைத் தயாரிச்சு செலவைக் குறைக்கற முயற்சி வேலூர் சி.எம்.சி.ல நடக்குது, என்னைக் கேட்டா விலை இறங்கறதுக்கு அதுதான் சரியான வழி. ட்ரயல் ஏதாவது ஓடுதான்னு அங்க விசாரிங்க.

கேள்வி: அப்பாவுக்கு மல்டிபிள் மைலோமா. இந்த மருந்து கேக்குமா?
- வாசகி, ஈரோடு

பதில்: இது கேக்காது. மைலோமாங்கறது எலும்பு மஜ்ஜைல வர்ற வேற வகை ரத்தப் புற்றுநோய், அந்த செல் மேல பெரும்பாலும் சி.டி.19 இருக்காது, பி.சி.எம்.ஏ.ங்கற வேற புரதம்தான் இருக்கும். அதைக் குறிவைக்கற கார்-டி மருந்துகள்ல அபெக்மாவுக்கு 2021-லயும் கார்விக்டிக்கு 2022-லயும் அமெரிக்காவுல அனுமதி கிடைச்சிருக்கு.

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்கு?
- வாசகி, மதுரை

பதில்: இப்போதைக்கு இல்லைங்க. கட்டி வகைப் புற்றுநோய்கள்ல இன்னும் ஆராய்ச்சிதான் ஓடுது, யாராவது பணம் கட்டச் சொன்னா கிளம்பி வந்துடுங்க.

கேள்வி: என் தங்கச்சிக்கு ஏ.எல்.எல். அவளுக்காக நான் என் டி செல்லைக் குடுக்கலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: நெக்ஸ்கார்19-க்கு தங்கச்சியோட சொந்த செல்தான் வேணும் தம்பி, உங்களுது எடுக்க மாட்டாங்க. ஆனா ஏ.எல்.எல்.ல சிலருக்கு கார்-டி முடிஞ்சு நோய் அடங்கின பிறகு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் பண்ணுவாங்க, அதுக்கு கூடப்பிறந்தவங்க பொருந்தறாங்களான்னுதான் முதல்ல பாப்பாங்க. அந்தப் பொருத்தம் பாக்கற எச்.எல்.ஏ. டெஸ்ட்டை இப்பவே எடுத்து வச்சுக்கலாமான்னு அவங்க டாக்டர்கிட்ட கேளுங்க.