அம்மம்மாவின் 31ஆம் நாள் நினைவு மலரில் அவரைப் பற்றி என்ன எழுதுவது, எப்படித் தயாரிப்பது?

"கடும் உழைப்பாளி" என்ற சொல்லை எடுத்துவிட்டு அவர் செய்த வேலையை எழுதுங்கள். எங்கள் ஊர் மலர்களில் ஆண்களுக்கு உத்தியோகம், இடமாற்றம், ஓய்வு பெற்ற ஆண்டு எல்லாம் இருக்கும். பெண் என்றால் "விருந்தோம்பலில் சிறந்தவர்" என்று ஒரு வரி, அடுத்த வரியிலேயே பிள்ளைகளின் பட்டங்கள்.

விபரம் சேர்க்க நல்ல நாள் எட்டுச்செலவு, அதாவது இறந்து எட்டாம் நாள் சடங்கு. சொந்தமெல்லாம் ஒரே வீட்டில் இருக்கும். பிள்ளைகளிடம் மட்டும் கேட்டால் பாதிதான் வரும். அவரின் தங்கச்சி, பக்கத்து வளவுக்காரர், கூடத் தோட்டம் செய்தவர்கள் ஆகியோரிடம் கைபேசியில் ஒலிப்பதிவு போட்டுவிட்டுக் கதையுங்கள். "எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமானவ" என்றுதான் பதில் வரும். தோட்டத்தில் வெங்காயமா, புகையிலையா? இறைப்புக்கு எத்தனை மணிக்கு எழும்புவார்? பனங்கொட்டைப் பாத்தி போட்டாரா, ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) யாருக்குப் போனது? கிடாய் விற்ற காசு, சீட்டுக்காசு எந்தப் பிள்ளையின் ரியூசனுக்குப் போனது? 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் சனமெல்லாம் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எதைக் கட்டி எடுத்தார்? இப்படிக் கேட்டால் ஆட்கள் நிறுத்தமாட்டார்கள்.

மிளகாய்த்தூளின் அளவையும் ஒரு பக்கத்தில் போடுங்கள்: ஒரு கிலோ செத்தல் மிளகாய்க்கு மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் எவ்வளவு, எதை எந்த அளவுக்கு வறுப்பது. "இரண்டு பேணி" (தகரக் குவளை) என்று மகள்மார் சொன்னால் அந்தப் பேணியையே எடுத்து மல்லியை நிரப்பித் தராசில் நிறுத்துவிடுங்கள்; வெளிநாட்டில் இருக்கும் பேத்திக்குப் பேணிக்கணக்கு உதவாது.

இறந்த திதியைச் சொல்லும் பாட்டான திதி வெண்பாவில் ஆண்டு, மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி, பெயர், ஊர் வரவேண்டும். பிழைக்கும் இடம் ஆண்டு. தமிழ் ஆண்டு சித்திரையில்தான் மாறும்: 2026 மார்ச்சில் இறந்தவருக்கு விசுவாவசு, மே மாதமென்றால் பராபவ. திதி எல்லையில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வேறுபடலாம். ஆகவே 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டியைச் செய்யும் ஐயர் எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறாரோ அதையே வையுங்கள், இல்லாவிட்டால் ஆண்டுத் திவசத்தில் குழப்பம் வரும். இறப்பு கனடாவிலோ லண்டனிலோ என்றால் நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றிய பிறகே இங்கத்தைய பஞ்சாங்கத்தைப் பாருங்கள்.

சண்டை வருவது வம்சாவளியில். ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால் மலர் முழுவதும் வீண். ஒவ்வொரு பிள்ளையின் குடும்பத்திலும் ஒருவரைப் பொறுப்பாக்கி, அந்தக் கிளையின் பெயர்களை அவரே எழுத்தில் சரி என்று அனுப்பவேண்டும். பூட்டப்பிள்ளைகளின் பெயர்களைக் குரல்பதிவாக வாங்குங்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழில் எழுதினால் ணகரமும் னகரமும் தடுமாறும்.

படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையேல் சுருங்கிவிடும். பழைய இரண்டுக்கு மூன்று அங்குலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கான் செய்தால் நான்குக்கு ஆறு அங்குலமாகத் தெளிவாக அச்சிடலாம். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நாலால் பிரியவேண்டும். 30 பக்கம் எழுதினால் இரண்டு பக்கம் வெறுமையாக நிற்கும். அச்சகம் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவுக்கு மாற்றினால், ஆங்கில எழுத்தில் இருந்த பட்டங்கள் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாகும், ஸ்ரீ உடையும். அதனால் கடைசிப் படியைத் தாளில் எடுத்து, குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள். 31ஆம் நாள் மதிய போசனத்தில் கையில் கொடுக்க, எழுத்து 20ஆம் நாளுக்குள் அச்சகத்துக்குப் போகவேண்டும்.

நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் நினைவு மலர்களும் சேர்கின்றன. அங்கே ஒரு பிரதி கொடுக்கும் எண்ணமிருந்தால், நன்றி நவிலல் பக்கத்தில் வீட்டு விலாசமும் தொலைபேசி எண்களும் போடாதீர்கள்.