மூளையின் சிறு ரத்தக் குழாய்களை எம்.ஆர்.ஐ.யில் தெளிவாகப் பார்க்க முடியுமா?

கேள்வி கேட்டவரின் அப்பாவுக்கு 1.5 டெஸ்லா (காந்தத்தின் வலிமையைச் சொல்லும் அளவு) இயந்திரத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறார்கள். பெரிய ரத்தக் குழாய்களில் குறை ஒன்றும் இல்லை, நுண்குழாய் நோயின் அடையாளங்கள் இருக்கின்றன என்கிறது அறிக்கை. மதுரைக்கு அழைத்துப் போய் 3 டெஸ்லாவில் எடுத்தால் அந்தச் சிறு குழாய்களே தெரியுமா என்று கேட்கிறார்.

அதற்காக மட்டும் என்றால் போக வேண்டாம். நான் மருத்துவர் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் மையத்தில் 11 ஆண்டுகளாக இந்த இயந்திரத்தை இயக்குகிறவள். சிகிச்சையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். படத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

அறிக்கை எழுதியவர் உங்கள் அப்பாவின் சிறு குழாய்களைப் பார்க்கவில்லை. அவை பழுதானதால் மூளையில் விழுந்த தடங்களைத்தான் பார்த்திருக்கிறார்: ஃபிளேர் என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளைத் திட்டுகள், 3 முதல் 15 மி.மீ. வரையிலான சிறு குழிகள், பழைய ரத்தக் கசிவின் கரும்புள்ளிகள். கடைமடையில் பயிர் வாடிக் கிடந்தால் வாய்க்காலைப் போய்ப் பார்க்காமலே தண்ணீர் வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள் அல்லவா, அதைப் போல.

இந்த உவமை என்னுடையது அல்ல. சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் போடும் ஒரு தாத்தா தந்தது. அவருக்குக் குழாய்ப் படம் எடுத்தபோது முதல் முறை எல்லாக் குழாய்களும் இரட்டைக் கோடாக விழுந்தன. அசையாதீர்கள் தாத்தா என்று சொல்லி மறுபடி எடுத்தேன். அதே கதை. ஆறாறு நிமிடம் இரண்டு தடவை வீண். வெளியே அடுத்த நோயாளியின் மகன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்ப் பார்த்தால், தாத்தாவின் கன்னத்தில் புகையிலை அடக்கியிருந்தது! ஊறும் எச்சிலை விழுங்கும்போதெல்லாம் தாடையும் தலையும் துளி அசைந்திருக்கின்றன. கைக்கடிகாரம், சில்லறை, அரைஞாண் எல்லாம் கேட்ட நான் வாயைப் பற்றிக் கேட்கவில்லை. பிழை என்னுடையது. வாய் கொப்பளித்து வந்த பிறகு மூன்றாவது படம் கண்ணாடி போல வந்தது. திரையைப் பார்த்தவர், "கடைமடை வரைக்கும் தெரிகிறதா தாயி?" என்று கேட்டார். "கால்வாய் தெரிகிறது தாத்தா, வாய்க்கால் தெரியாது" என்றேன்.

ஏன் தெரியாது? மூளையின் ஆழத்துக்குப் போகும் சிறு தமனிகளில் பல அரை மில்லிமீட்டருக்கும் மெலிந்தவை. நாங்கள் வழக்கமாக எடுக்கும் படத்தின் ஒரு கட்டமே, அதாவது படத்தை ஆக்கும் மிகச் சிறிய பெட்டியே, பக்கத்துக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். கட்டத்தைச் சிறிதாக்க வேண்டியதுதானே என்பீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் பாதியாக்கினால் கட்டத்துக்குள் இருந்து சமிக்ஞை தரும் நீர் எட்டில் ஒரு பங்காகிவிடும். சமிக்ஞையும் அதே அளவுக்கு இறங்கும். படத்தில் கலக்கும் இரைச்சலை, அதாவது புள்ளி புள்ளியான கலங்கலை, மீறி அதைப் பழைய தெளிவுக்குக் கொண்டுவர 64 மடங்கு நேரம் எடுக்க வேண்டும். 6 நிமிடப் படம் 6 மணி 24 நிமிடம் ஆகும். அந்தக் குகைக்குள் அத்தனை நேரம் யார் படுப்பார்கள்?

3 டெஸ்லாவுக்குப் போனால் சமிக்ஞை ஏறக்குறைய இரு மடங்கு கிடைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. அதே நேரத்தில் அதை வைத்து வாங்கக்கூடியது, 0.5 மி.மீ. கட்டத்தை 0.4 ஆக்குவது, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல் ரத்தத்தின் வேகம். மருந்து ஏற்றாமல் எடுக்கும் குழாய்ப் படத்தில், 20 மில்லி வினாடிக்கு ஒரு முறை என்ற கணக்கில் வானொலி அலையால் மூளையின் ஒரு பட்டையை அடித்துக்கொண்டே இருப்போம். அங்கேயே கிடக்கும் திசு களைத்துப்போய் மங்கிவிடும். வெளியிலிருந்து புதிதாக வரும் ரத்தம் அடி வாங்காததால் மின்னும். பெரிய தமனியில் ரத்தம் அணையிலிருந்து திறந்த தண்ணீர் மாதிரி பாய்ந்துவிடுகிறது. சிறு குழாயிலோ ஊர்ந்து போகிறது. பட்டையைக் கடப்பதற்குள் அதுவும் அடி வாங்கிச் சுற்றியுள்ள திசுவோடு திசுவாக மங்கிவிடுகிறது. குழாய் அங்கேதான் இருக்கும், படத்தில் இருக்காது. இதற்காகத்தான் ஒரு தடித்த பட்டைக்குப் பதில் மெல்லிய பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று படியுமாறு எடுக்கிறோம். ரத்தம் நுழையும் பக்கம் மெதுவாகவும் வெளியேறும் பக்கம் ஓங்கியும் அடிக்கிறோம். இந்த இரண்டும் 1.5 டெஸ்லாவிலும் செய்யக்கூடியவையே. 3 டெஸ்லாவில் திசு இன்னும் நன்றாக மங்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சிரைகளுக்கு வேறு வழி உண்டு. ஆக்சிஜனை இழந்த ரத்தம் பக்கத்திலுள்ள காந்தப் புலத்தைக் கொஞ்சம் கலைக்கும். 1990இல் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி எலியின் மூளையில் சிரைகள் கருங்கோடுகளாகத் தெரிவதைக் காட்டினார். கட்டத்தைவிட மெலிந்த சிரைகூட இந்தக் கலைப்பினால் தெரியும். நுண்கசிவுகளைப் பிடிப்பதும் இதே காந்தக் குணத்தை வைத்துத்தான். இதில் 3 டெஸ்லா உண்மையிலேயே மேல்.

ஆழத்துச் சிறு தமனிகளை நன்றாகக் காட்டுவது 7 டெஸ்லா. அமெரிக்காவில் நோயாளிகளுக்கு அதைப் பயன்படுத்த 2017இல்தான் அனுமதி கிடைத்தது. பாரிஸ் அருகே சாக்லேயில் 132 டன் எடையில் 11.7 டெஸ்லா காந்தம் ஒன்று இருக்கிறது. 2021இல் அது முதலில் படம் எடுத்தது ஒரு பூசணிக்காயை! 2024இல் மனித மூளையை 4 நிமிடத்தில் எடுத்துக் காட்டினார்கள்: 1 மி.மீ. தடிமன், கட்டத்தின் பக்கம் 0.2 மி.மீ. ஆனால் என்னைக் கவர்ந்தது ஜெர்மனியில் மக்டெபர்க் குழு செய்ததுதான். 7 டெஸ்லாவில் 0.15 மி.மீ. வரை போனார்கள். பல்லில் கடித்துக்கொள்ளும் ஒரு குறியைக் கேமரா தொடர, தலை எவ்வளவு நகர்ந்ததோ அதற்கு ஏற்ப இயந்திரம் தன்னைத் திருத்திக்கொண்டே எடுத்தது. அவ்வளவு பெரிய காந்தத்திலும் தடை, எங்கள் தாத்தாவின் எச்சில் மாதிரியான சிறு அசைவுதான்.

குறைவாக அளந்து முழுப் படத்தை மீட்கும் முறையை 2007இல் மைக்கேல் லஸ்டிக் என்ற ஆய்வாளரின் குழு எம்.ஆர்.ஐ.க்குக் கொண்டுவந்தது. அதனால் நேரம் நிஜமாகவே மிச்சமாகிறது. இப்போது செயற்கை நுண்ணறிவும் படத்தைத் துடைத்துத் தருகிறது. மெல்லிய குழாய் விஷயத்தில் எனக்கு அதன் மேல் முழு நம்பிக்கை இல்லை. இரைச்சலென்று குழாயையே துடைத்தாலும், இல்லாத குழாயைக் கோடு போட்டாலும் படம் அழகாகத்தான் இருக்கும்.

உங்களுக்குப் பயன்படும் காரியம் ஒன்று: ஃபிலிமோடு நிற்காமல் படங்கள் பதிந்த சிடியையும் (குறுந்தகடு) கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் அச்சாகும் குழாய்ப் படம், பல அடுக்குகளைக் குவித்து மிகப் பிரகாசமானதை மட்டும் காட்டுவது. மெலிந்த குழாய்கள் அந்தக் குவிப்பிலேயே காணாமல் போகும். மூல அடுக்குகள் சிடியில் இருக்கும், மருத்துவர் அவற்றைப் பார்க்கட்டும்.

மறுபடி எடுக்கச் சொன்னால், உள்ளே போகுமுன் அப்பா கழிப்பறைக்குப் போய்விட்டு, வாயையும் கொப்பளித்துவிடட்டும். இருமல் இருந்தால் அன்று வரவே வேண்டாம். போன் செய்து வேறு நாள் கேளுங்கள், தாராளமாக மாற்றித் தருவோம்.