பீரங்கி தோற்கவில்லை, குண்டு வைக்கத்தான் இடமில்லை

கேள்வி: பிரிட்டிஷ் ராணுவம் 2006-இல் தன் சேலஞ்சர் 2 டாங்கியில் ஜெர்மன் பீரங்கியைப் பொருத்திப் பார்த்தது. சோதனை தோற்றதும் கைகழுவிவிட்டது. இப்போது அதே பீரங்கிக்கு 80 கோடி பவுண்டைக் கொட்டுகிறது. வெள்ளைக்காரன் செய்தால் மட்டும் இதற்குப் பெயர் நிர்வாகத் திறமையா? நம் அர்ஜுன் டாங்கியிலும் பழைய வரிக்குழல்தான் இருக்கிறது. அதையும் மாற்றிவிட வேண்டியதுதானே? (ஆவடியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வெள்ளைக்காரன் மேல் உங்களுக்குள்ள கோபத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கேள்விக்குள் இருக்கும் தகவலில்தான் ஆட்சேபம். 2006 சோதனை தோற்றது என்று யார் உங்களிடம் சொன்னார்கள்? அந்த ஒற்றை டாங்கியில் ஏற்றிய, ஜெர்மன் கம்பெனி ரைன்மெட்டலின் எல் 55 பீரங்கி நன்றாகவே சுட்டது. ஜெர்மன் டங்ஸ்டன் குண்டான டி.எம். 53, பிரிட்டனின் யுரேனியக் குண்டான (அணுகுண்டு இல்லை, கனமான உலோகக் குண்டு) சார்ம் 3-ஐவிட நன்றாகத் துளைத்தது என்றுதான் அப்போது செய்தி வந்தது. பீரங்கி பாஸ். அதற்குப் பிறகும் ஏன் சேவைக்கு வரவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1960-களில் வந்த சீஃப்டன் டாங்கியிலிருந்தே பிரிட்டன் 120 மி.மீ. வரிக்குழலைப் பிடித்துக்கொண்டது. குழலின் உட்புறம் சுருள் வரிகள் ஓடும். குண்டு சுழன்றபடி வெளியே போகும். மேற்கு ஜெர்மனி 1979-இல் லெப்பர்ட் 2 டாங்கியைச் சேவைக்குக் கொண்டுவந்தபோதே உட்புறம் வழவழப்பான 120 மி.மீ. குழலுக்குப் போய்விட்டது. அமெரிக்கர்கள் ஏப்ரம்ஸ் டாங்கியில் முதலில் 105 மி.மீ. வரிக்குழல் வைத்துப் பார்த்தார்கள். பிறகு 1985-இல் வந்த அதன் எம்1ஏ1 ரகத்தில் கௌரவம் பார்க்காமல் ஜெர்மன் பீரங்கியையே உரிமம் வாங்கிச் செய்துகொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் லெக்லெர்க் டாங்கிக்குச் சொந்தமாகப் பீரங்கி செய்தாலும், குண்டு மட்டும் மற்றவர்களோடு ஒத்துப்போகும்படி பார்த்துக்கொண்டார்கள். பிரிட்டன் அசையவில்லை.

அது வெறும் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. ஹெஷ் என்று ஒரு குண்டு உண்டு. இலக்கில் மோதியதும் அதனுள் இருக்கும் பிளாஸ்டிக் வெடிமருந்து அப்பளமாகப் பரவி, அப்புறம்தான் வெடிக்கும். பதுங்கு குழி, கான்கிரீட் சுவர், கட்டடம் எல்லாவற்றுக்கும் அது கைகண்ட மருந்து. அதற்குச் சுழற்சி பிடிக்கும், ஆகவே வரிக்குழல் வேண்டும். 1991 வளைகுடாப் போரில் சுமார் 5 கி.மீ. தூரத்திலிருந்த இராக் டாங்கியைச் சேலஞ்சர் 1 அடித்ததும் வரிக்குழலால்தான். குறி தவறும் பீரங்கி என்று அதை யாரும் சொன்னதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. டாங்கியை டாங்கி துளைப்பதற்கு இன்று எல்லோரும் நம்புவது வால் இறகு வைத்த நீண்ட உலோக அம்பை. அதற்குச் சுழற்சி ஆகாது. வரிக்குழலில் அதைச் சுட வேண்டுமென்றால், வரியைப் பிடித்துத் தான் மட்டும் சுற்றி அம்பைச் சுற்றவிடாத ஒரு வழுக்கு வளையத்தை மாட்ட வேண்டும். வேலை நடக்கும், ஆனால் சுற்றி வளைத்த வேலை. அதைவிடப் பெரிய தொல்லை சந்தை. நேட்டோவில் வேறு எந்த நாட்டு டாங்கியிலும் பிரிட்டிஷ் 120 மி.மீ. குண்டு நுழையாது, அவர்களுடையது இதில் நுழையாது. புதுக் குண்டு வடிவமைத்தாலும், பழைய குண்டு தயாரிக்கும் தொழிற்சாலையைத் திறந்து வைத்திருந்தாலும் முழுச் செலவும் லண்டன் தலையில். 2023-இல் உக்ரைனுக்கு 14 சேலஞ்சர் 2 கொடுத்தபோது இது ஊரறிய வெளிச்சமானது. லெப்பர்டுக்கும் ஏப்ரம்ஸுக்கும் பல நாட்டுக் கிடங்கிலிருந்து குண்டு வரும். சேலஞ்சருக்கு பிரிட்டன் அனுப்பினால்தான் உண்டு. யுரேனியக் குண்டும் கூடப் போகிறது என்று அமைச்சர் சொன்னதும் மாஸ்கோவில் எழுந்த கூச்சலை நீங்களும் படித்திருப்பீர்கள்.

ஆக, குழலை மாற்றத்தான் வேண்டும் என்பது 2004 வாக்கிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கென ஒரு மேம்பாட்டுத் திட்டமும் போட்டார்கள். வேலை சுலபம் போலத்தான் தெரிந்தது. பழைய எல் 30 குழலும் ஜெர்மன் எல் 55-உம் கிட்டத்தட்ட ஒரே நீளம், சுமார் 6.6 மீட்டர். பழைய பீரங்கியைத் தாங்கும் தொட்டில், வெப்ப உறை, புகை வெளியேற்றி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு குழலை மட்டும் மாற்றினார்கள். வெளியே நின்று பார்த்தால் பழைய டாங்கிதான்.

உள்ளே போனால்தான் வினை. சேலஞ்சர் 2-இல் குண்டு போடுகிறவர் ஒவ்வொரு முறையும் இரண்டு துண்டாகப் போடுவார். முதலில் குண்டு, அதன் பின்னால் அதைத் தள்ளும் மருந்துப் பொதி. இந்த இரண்டு துண்டு ஏற்பாட்டுக்குக் காரணம் இருக்கிறது. அடிபட்ட டாங்கியைத் தீப்பந்தமாக்குவது பெரும்பாலும் இந்தத் தள்ளுமருந்துதான். ஆகவே அதைத் தனியாகப் பிரித்து, டரெட்டுக்கு (பீரங்கியோடு சுழலும் மேல்கூண்டுக்கு) கீழே, கவசப் பெட்டிகளுக்குள் வைத்தார்கள். ஏறத்தாழ 50 முறை சுடுவதற்கான சரக்கு இப்படி மேலும் கீழுமாக, சந்து பொந்தெல்லாம் அடைத்து வைக்கப்பட்டிருக்கும்.

ஜெர்மன் குண்டோ ஒரே துண்டு. குண்டும் மருந்தும் சேர்ந்து சுமார் ஒரு மீட்டர் நீளம், 20 கிலோவுக்கு மேல் எடை. அரை அரையாக வைக்கச் செய்த பெட்டியில் அது எப்படிப் படுக்கும்? லெப்பர்ட் 2-இல் இதற்கென்றே டரெட்டின் பின்பக்கம் கதவு போட்ட அறை இருக்கிறது. தீப்பிடித்தால் கூரைத் தகடு பிய்த்துக்கொண்டு போய், நெருப்பு மேல்நோக்கிப் போய்விடும்; உள்ளே இருப்பவர்கள் பிழைப்பார்கள். சேலஞ்சர் 2-இல் அப்படி ஓர் அறை கிடையாது. கிடைத்த மூலையில் முழுக் குண்டைச் சாய்த்து வைத்தால், இத்தனை வருடம் மருந்தைப் பிரித்து வைத்துக் காப்பாற்றிய பாதுகாப்பு அதோடு போச்சு. குண்டுகளை வைக்கும் ஏற்பாட்டையே மாற்ற வேண்டும், ஒழுங்காகச் செய்வதென்றால் டரெட்டில் கைவைக்க வேண்டும். எல்லா டாங்கிக்கும் மாற்ற 38 கோடியே 60 லட்சம் பவுண்டு ஆகும் என்று 2006-இல் ஒரு மதிப்பீடு வந்தது.

அந்த வருடம் எது என்று பாருங்கள். பிரிட்டிஷ் சிப்பாய்கள் இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சாலையோரக் குண்டில் செத்துக்கொண்டிருந்தார்கள். கவசமே போதாத லேண்ட் ரோவரில் பிள்ளைகளை அனுப்புகிறீர்களே என்று தாய்மார்கள் கேட்ட காலம். அந்த 2006-இலேயே மாஸ்டிஃப் என்ற கண்ணிவெடி தாங்கும் வண்டியை அவசரமாக ஆர்டர் செய்தார்கள். எதிரியிடம் டாங்கியே இல்லாத போரில், டாங்கி துளைக்கும் பீரங்கிக்கு எந்த நிதியமைச்சர் கையெழுத்துப் போடுவார்? இராக்கில் தேவைப்பட்டது சுவரை உடைக்கும் ஹெஷ். அது பழைய குழலிலேயே இருந்தது. திட்டம் அப்படியே தூங்கிப்போனது.

80 கோடி பவுண்டு கணக்கிலும் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். சேலஞ்சர் 2-ஐச் சேலஞ்சர் 3 ஆக மாற்ற 2021 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தம் அது. 148 டாங்கிகளுக்குப் புது டரெட், புதுப் பார்வைக் கருவிகள், புது மின்னணு எல்லாம் சேர்த்த தொகை. பீரங்கியும் அச்சு அசல் அதே பீரங்கி இல்லை. கூடுதல் அழுத்தம் தாங்கும் எல் 55 ஏ1. ஒரே துண்டுக் குண்டுக்கு ஏற்ற டரெட்டை இந்தத் தடவை முதலிலேயே வடிவமைத்துவிட்டார்கள். திட்டத்தான் வேண்டும் என்றால், விடை கையில் இருந்தும் 15 வருடம் கிடப்பில் போட்டதற்குத் திட்டுங்கள். 386 டாங்கி வாங்கிய ராணுவம் கடைசியில் 148-க்குத்தான் புதுப் பீரங்கி போடுகிறது. அந்தத் திட்டில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அப்புறம் அர்ஜுன். உங்கள் ஊரில் வடிவமைத்து, உங்கள் ஊரிலேயே கட்டும் டாங்கி. பீரங்கி மட்டும் புனேயில் உருவானது, 120 மி.மீ. வரிக்குழல், ஹெஷும் சுடும். 2021-இல் 118 அர்ஜுன் மார்க் 1ஏ வாங்க ராணுவம் ஆர்டர் கொடுத்ததும் அதே குழலோடுதான். நம்மிடம் உள்ள ரஷ்ய வடிவமைப்பு டாங்கிகளான டி-72, டி-90 இரண்டிலும் இருப்பது 125 மி.மீ. வழவழப்புக் குழல். ஆக நம் ராணுவத்துக்கு ஏற்கெனவே இரண்டு வகைக் குண்டு. ஜெர்மன் மாதிரி 120 மி.மீ. வழவழப்புக் குழலை அர்ஜுனில் வைத்தால் மூன்றாவது வகை வந்து சேரும். அதைச் செய்ய ஒரு தொழிற்சாலை, வைக்க ஒரு கிடங்கு, சுடப் பழக்க ஒரு பயிற்சி. மொத்தமே 124 பழைய அர்ஜுனும், ஆர்டர் கொடுத்த இந்த 118-உம்தான். இத்தனை கம்மி வண்டிக்காக அந்தச் செலவை நான் செய்யமாட்டேன். அடுத்து வரப்போகும் டாங்கிக்கு எந்தக் குழல் என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி. ஓடிக்கொண்டிருக்கும் அர்ஜுனின் குழலை இருக்கிற இடத்திலேயே விடுங்கள்.