பாமினியில் பழகிய கை யூனிகோடுக்கு மாறத்தான் வேண்டுமா?

கேட்கப்பட்ட கேள்வி: 15 வருடமாகப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறேன். கை நல்ல வேகம். இப்போது எல்லோரும், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறத்தான் வேண்டுமா? பழைய கோப்புகளை அப்படியே விட்டால் என்ன?

கையை மாற்ற வேண்டாம். பழைய கோப்புகளை மட்டும் தயவுசெய்து அப்படியே விடாதீர்கள்.

நீங்களும் என்னைப் போல ஒரு ஓபிஸிலோ கொமினிகேஷன் கடையிலோ இருந்து கடிதமும் வினாத்தாளும் அடிப்பவராகத்தான் இருப்பீர்கள். அப்படியென்றால் பாமினியைக் குறை சொல்பவர்களைக் கண்டால் உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வரும். நான் 2003இல் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் தட்டச்சுப் பழகியபோது வகுப்பில் இருந்தது விண்டோஸ் 98. அதில் யூனிகோட் தமிழுக்கு எளிய வழி இல்லை. எங்கள் பக்கத்துக் கோயில் மலர், கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல் எல்லாவற்றையும் சுமந்தது பாமினிதான். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆகவே இதைப் படித்துவிட்டு "பாமினிக்கு எதிரி" என்று யாரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.

என் அப்பா களுதாவளையில் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஓய்வுக்குப் பிறகு ஊர் ஊராகச் சைக்கிளில் போய் கூத்துப் பழக்கும் வயதான அண்ணாவிமாரிடம் வசந்தன் என்ற கோலாட்டக் கூத்தின் பாடல்களைக் கேட்டுக் கேட்டுக் கொப்பியில் எழுதினார். கையில் கோலெடுத்து ஆடிய காலத்து மெட்டு சிலருக்குத்தான் ஞாபகம் இருந்தது. நான் தட்டச்சுப் பழகியதும் அவருக்குப் பெரிய சந்தோஷம். இரவில் அவர் வரி வரியாக வாசிப்பார், நான் அடிப்பேன். "அது றகரம் மனே, பார்த்து அடி" என்று ஒவ்வொரு பிழைக்கும் நிறுத்துவார். இரண்டு மாதத்தில் 64 பாடல்கள் முடிந்தன. பிளொப்பியில் போட்டோம். மறுகா சீடியில், பிறகு பென் டிரைவில்.

2011 ஜனவரி வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து ட்ரங்குப் பெட்டியோடு கொப்பிகள் ஊறிப்போயின. மை கரைந்துவிட்டது. அப்பா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. "கணினியில் இருக்குதானே அப்பா" என்று நான்தான் தேற்றினேன்.

2022 மார்ச்சில் அப்பா காலமானார். 31ஆம் நாளுக்கு வழக்கம்போல் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அடிக்க நினைத்தோம், பாடல்களையும் சேர்த்து. அந்த மாதங்கள் எப்படி இருந்தன என்று இலங்கையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டு. கடதாசி விலையைக் கேட்டதும் அச்சகத்தில் இருந்து பேசாமல் திரும்பி வந்தோம். சரி, வட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்புவோம் என்று முடிவெடுத்தோம்.

கரண்ட் வந்த ஒரு நடு இரவில் லப்டொப்பில் அந்தக் கோப்பைத் திறந்தேன். "தமிழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பக்கம் பக்கமாக அப்படியே. பக்கத்தில் இருந்த தங்கச்சி கேட்டாள்: "அப்பா எழுதினது எல்லாம் போயிட்டா அண்ணா?"

போகவில்லை. எழுத்துருவை நிறுவியதும் லப்டொப்பில் தமிழ் தெரிந்தது. ஆனால் உறவினர்களின் போனில் தெரியவில்லை. பிடிஎப் ஆக்கி அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். அனுப்பினோம். கனடாவில் இருக்கும் சித்தப்பா அதில் இருந்து ஒரு வரியை எடுத்துத் தன் பிள்ளைகளுக்கு அனுப்பப் பார்த்தார். போய்ச் சேர்ந்தது மறுபடியும் ஜே, கே, பி, ஓ.

காரணம் எளிது. பாமினியில் நீங்கள் "க" என்று அடிக்கும்போது கணினி சேமிப்பது ஆங்கில எஃப் எழுத்தை. அதன் மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத இடத்தில் எஃப் மட்டும்தான் மிஞ்சும். கூகுளில் தேடினாலும் அகப்படாது. யூனிகோடில் "க" என்பதற்கே 2965 என்ற சொந்த எண் இருக்கிறது. எந்தப் போனில் திறந்தாலும் அது "க"தான்.

அப்புறம் மாற்றும் வேலை. சுரதாவின் எழுத்துருமாற்றி போல இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை போதும். ஒட்டினால் நொடியில் மாறும். ஆனால் மாறியதை அப்படியே நம்பாதீர்கள். பாமினியில் காற்புள்ளி விசையில் இருப்பது "இ". அதனால் சில மாற்றிகளில் காற்புள்ளி எல்லாம் "இ" ஆகிவிடும். அப்பாவின் முன்னுரையில் "களுதாவளைஇ எருவில்இ களுவாஞ்சிகுடிஇ" என்று வந்தது. நம் நாட்டுச் செய்தித் தளங்களில் இதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இடையில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் பாமினி என்று நினைத்து மாற்றிவிடும். ஆங்கிலத்தில் டாக்டர் என்பதற்கு எழுதும் இரண்டெழுத்துச் சுருக்கம் "னுச" ஆகிவிடும். அந்தக் காலத்து வேர்ட் தானாகவே வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும். அதனால் சில வரிகள் "க"வில் தொடங்குவதற்குப் பதிலாகக் "கு"வில் தொடங்கின. இவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். தங்கச்சி வாசிக்க நான் திருத்தினேன், அப்பா இருந்த கதிரையில் அவள் இருந்து.

இனிப் புதிதாக அடிப்பதற்கு என்.எச்.எம். ரைட்டர் அல்லது எ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டிலும் பாமினி விசைப்பலகை இருக்கிறது. விரல் பழைய இடத்துக்கே போகும், விழுவது யூனிகோட். தமிழ்99 என்ற விசைப்பலகைதான் சிறந்தது என்று யாராவது வருவார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் 15 வருடம் பழகிய கையை மாற்றச் சொன்னால் நீங்கள் ஒரு வாரத்தில் பாமினிக்கே திரும்பிவிடுவீர்கள். நான் அப்படித் திரும்பியவன்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் மூன்று பாடல்களை அப்பாவின் பெயரோடு முகநூலில் போட்டேன். ஒரு மாதத்துக்குள் ஒரு பக்கம் அவற்றை அப்படியே எடுத்து, படத்தின் மேல் எழுதி, தன் பெயரைப் போட்டுப் பகிர்ந்திருந்தது. பாடல் ஊருக்குச் சொந்தம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய்ச் சேர்த்தவர் ஒருவர் இருந்தார். யாரிடம் கேட்டது, எந்த ஊர் என்று அப்பா ஒவ்வொரு பாடலின் கீழும் எழுதியிருந்தார். அந்த அடிக்குறிப்பை மட்டும் பார்த்து வெட்டியிருந்தார்கள். எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. "பாமினியிலேயே வைத்திருந்தால் களவு போயிருக்காதே" என்றார் ஒரு நண்பர். வைத்திருந்தால் சித்தப்பாவின் பிள்ளைகளும் வாசித்திருக்க மாட்டார்கள். மூத்தவள் இப்போது இரண்டு பாடல்களை மெட்டோடு பாடுகிறாள்.

பழைய கோப்பை மாற்றிய பிறகும் அழிக்காதீர்கள். சந்தேகம் வரும்போது பார்க்க அதுதான் இருக்கும். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் எழுத்துருவின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். யாரும் அதைச் செய்யாததால் கடைசிப் பிளொப்பியில் இருந்த, அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கில் பாடும் குளுத்திப் பாடல்கள் இன்னும் வாசிக்க முடியாமல் கிடக்கின்றன. அவற்றை யாரோ வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்திருக்கிறார்கள். எழுத்துருவின் பெயர் உள்ளே இல்லை, அது பாமினியும் அல்ல. இலங்கையில் 2000க்கு முன்பின் ஓடிய பழைய எழுத்துருக்களைச் சேர்த்து வைத்திருப்பவர் யாராவது இதை வாசித்தால் சொல்லுங்கள். ஒரு பக்கத்தை அனுப்புகிறேன், எதில் தமிழாகிறது என்று பார்ப்போம்.