விமானி திறனறி தேர்வுக்கு முன்கூட்டியே பழக முடியுமா?

இந்திய விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கான கணினிவழி விமானித் தேர்வை (முன்பு பிஏபிடி எனப்பட்ட விமானி திறனறி தேர்வு) வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும் என்பதால், பழகிவிட்டுப் போகலாமா என்ற உங்கள் கேள்வி மிகவும் நியாயமானது.

கருவிகளைப் படித்தறியும் பகுதிக்கு நிச்சயமாகப் பழகலாம். உயரமானியில் நீண்ட முள் நூறு அடிகளையும் குட்டை முள் ஆயிரம் அடிகளையும் காட்டும் என்பதும், விமானம் வலப்புறம் சாயும்போது, அதன் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானக் கருவியில் தொடுவானக் கோடு இடப்புறம் சாய்ந்து தெரியும் என்பதும் யோசிக்காமலேயே நினைவுக்கு வர வேண்டும். பலர் தடுமாறுவது இந்தச் சாய்வில்தான். ஆகவே திசைகாட்டி, வேகமானி ஆகியவற்றுடன் சேர்த்துப் படம் வரைந்து பழகுங்கள்.

கைப்பிடியாலும் கால்மிதிகளாலும் திரையில் நகரும் புள்ளியைக் கட்டுப்படுத்திக்கொண்டே விளக்குக்கும் ஒலிக்கும் பதில்வினை செய்ய வேண்டிய பகுதி வேறு வகையானது. அங்கே கைப்பிடியை வெடுக்கென்று இழுப்பவர்கள் புள்ளியை இழந்துவிடுவார்கள். சிறிய, மென்மையான அசைவுகளே போதும். இதற்கென்று பெரும் பணம் செலவழித்துப் பயிற்சி மையத்துக்குப் போவது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. முந்தைய இரவு நன்றாகத் தூங்குங்கள். தேர்வுக்கு முன் தரப்படும் விளக்கத்தை ஒரு சொல்கூடத் தவறவிடாமல் கேளுங்கள்.